சமுதாயக் கூடம் மூத்தோருக்கும் உரியது: நகராட்சித் தீர்மானம் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

சமுதாயக் கூடத்தை முழுநேரக் குத்தகைக்கு விடுவது என்றும், வார நாட்களில் பகல் வேளையில் அங்கே கூடிவந்த மூத்தோருக்கு ஈடாக மாதம் ஒரு மருத்துவ முகாம் நடத்துவது என்றும் நகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. சங்கத்தின் செயற்குழு அதைப் பரிசீலித்தது. கூடம் எப்படிக் கிடைத்தது, அது குறித்து வாய்மொழியாகத் தரப்பட்ட உறுதிகள் என்னவாயின என்பதெல்லாம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. நகராட்சிக்கு நிதி நெருக்கடி இருப்பதை நாம் மறுக்கவில்லை. வருவாய்க்கு வழி தேடும் உரிமை மன்றத்துக்கு உண்டு என்பதையும் கொள்கையளவில் ஏற்கிறோம். ஆயினும் இந்தத் தீர்மானத்தைச் சங்கம் ஏற்கவில்லை. பாட்டுக்கும் கும்மிக்கும் கூடை பின்னுவதற்கும் மாத்திரை ஈடாகும் என்று முடிவு செய்தவர்கள், அங்கே வருகிறவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை.

மருத்துவ முகாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முகாமில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதே மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. 70 வயது கடந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீட்டை 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. இவை அனைத்தையும் சங்கம் வரவேற்கிறது. நோயாளியான முதியவருக்கு இன்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. நோயாளி ஆகாமல் தன்னைத் தானே பேணிக்கொள்ள முயலும் முதியவருக்கு இந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு கதவு. அதைத்தான் பூட்டப் பார்க்கிறார்கள். தன் உடம்பைத் தான் பார்த்துக்கொள்ளும் காலம் நீள வேண்டுமானால், காலையில் குளித்து, நல்ல சேலையோ வேட்டியோ உடுத்திப் புறப்பட ஒரு காரணம் வேண்டும். நாலு பேரோடு சேர்ந்து கையாலோ குரலாலோ ஏதாவது செய்ய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது உள்ளாட்சியின் கடமை என்பதே சங்கத்தின் நிலைப்பாடு.

இப்படிக் கூடிச் செய்வது உடம்பைப் பேணும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. ஜீன் கோஹன் என்ற அமெரிக்க முதியோர் மனநல மருத்துவர் 2001-ல் தொடங்கிய ஆய்வில் வாஷிங்டன், புரூக்ளின், சான் பிரான்சிஸ்கோ ஆகிய 3 இடங்களில் சுமார் 300 பேர் பங்கேற்றார்கள். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 80. ஒரு பகுதியினர், தொழில்முறைக் கலைஞர்கள் நடத்திய சேர்ந்திசை முதலிய வகுப்புகளுக்கு வாரந்தோறும் போனார்கள்; மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். வகுப்புக்குப் போனவர்கள் மருத்துவரிடம் போவதும், மருந்து சாப்பிடுவதும், தடுக்கி விழுவதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. இங்கிலாந்தில் 50 வயது கடந்த 6,710 பேரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-ல் வெளியானது. சில மாதங்களுக்கு ஒருமுறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவு என்று அது கண்டது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்புதான். உடம்பில் தெம்பு இருப்பவர்தானே பாட்டு வகுப்புக்கு வருகிறார், வசதி இருப்பவர்தானே கச்சேரிக்குப் போகிறார், நலத்துக்குக் காரணம் பாட்டா, வசதியா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்து ஆய்வு வருமானம், உடல்நிலை முதலியவற்றின் பங்கைக் கழித்த பிறகே அந்த 31 சதவீதத்தைச் சொல்கிறது; அப்படியும் ஐயம் முழுதாகத் தீராது. ஐயம் குறைவான ஓர் ஆய்வு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அங்கே 12 முதியோர் மையங்களில் 60 வயது கடந்த 390 பேருக்குச் சேர்ந்திசை கற்றுத் தந்தார்கள். எந்த மையத்துக்கு முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, பாடியவர்களுக்குத் தனிமை குறைந்தது, வாழ்க்கையில் நாட்டம் கூடியது. நினைவாற்றலிலும் உடல் வலுவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதை நாம் மறைக்கவில்லை. கூடத்துக்கு வந்தால் மறதிநோய் அண்டாது என்று சங்கம் துண்டறிக்கை அடிக்கப் போவதில்லை. தனிமை குறைவதும் வாழ ஆசை வருவதும் போதாத பயனா என்பதே நம் கேள்வி. ரத்த அழுத்தம் குறைந்தால் மட்டும் பயன் என்று பதிவேட்டில் எழுதுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 85 வயதை நெருங்கிய நிலையில், 1940-ல், ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார், கி. ராஜநாராயணன் 90 கடந்தும் எழுதினார். இவர்களைக் காட்டி வாதாடலாம் என்று சில உறுப்பினர்கள் யோசனை சொன்னார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. சாதித்துக் காட்டினால்தான் உட்கார இடம் என்ற நிபந்தனையை நாமே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். சுருதி சேராமல் பாடுகிறவருக்கும் அந்தக் கூடம் சொந்தம்.

இனி, செயற்குழு மிக நீண்ட நேரம் பேசிய விஷயத்துக்கு வருகிறோம். கூடம் பூட்டப்பட்டால் அதிகம் இழப்பவர்கள் பெண்கள். ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, பூங்காத் திண்ணை இருக்கிறது, கோயில் மண்டபம், கட்சி அலுவலகம், ஓய்வூதியர் சங்கம் எல்லாம் இருக்கின்றன. வேலை ஏதும் இல்லாமல் ஓர் ஆண் தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. 68 வயதுப் பெண் அப்படி நின்றால் கேட்பார்கள். வீட்டுக்குச் செய்தியும் போய்விடும். அவருக்குக் கேள்வி இல்லாமல் போக இரண்டு இடங்கள்தான்: ரேஷன் கடை, கோயில். இரண்டிலும் வரிசையில் நிற்க வேண்டும். அரசு ஊழியருக்கு 60 வயதில் மாலை போட்டு ஓய்வு தருகிறார்கள். அடுப்படிக்கு அப்படி ஒரு வயது எந்த அரசாணையிலும் எழுதப்படவில்லை. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 6 வயது கடந்த எல்லாரையும் கணக்கில் கொள்கிறது. 2019-ல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் அது 289, 88 என்று ஆனது. ஐந்தாண்டு முன்னேற்றத்தில் பெண்ணுக்கு 10 நிமிடம் மிச்சம். ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு மட்டுமே செய்துவந்த ஆணுக்கும் 9 நிமிடம் மிச்சம். வயதான பெண்ணின் பகல் இந்தக் கணக்குக்குள்தான் கிடக்கிறது. காலையில் பேரப்பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிய பிறகு, மாலையில் வேன் திரும்பி வருவதற்கு முன்பு அவருக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கிறது. கூடம் திறந்திருந்தது அந்த நேரத்தில்தான்.

அங்கே அவர்கள் செய்தது பொழுதுபோக்கு என்று தீர்மானத்தின் முன்னுரை சொல்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இந்தப் பெண்களின் தலைமுறை வாயிலும் காலிலும் காத்து வைத்த கலைகள். பனையோலை முடைவதும் புள்ளி வைத்துக் கோலம் போடுவதும் அப்படித்தான். வாழ்நாள் முழுவதும் வீட்டு வேலை என்ற பெயரில் செய்ததை, முதல்முறையாகத் தங்களுக்காக, தங்கள் விருப்பத்துக்கு அங்கே செய்தார்கள். 65 வயது கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் உடல் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். உடற்பயிற்சி என்று கூப்பிட்டால் வீட்டைவிட்டு வராத பெண்கள் கும்மி என்றால் வந்தார்கள். குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து கைதட்டினார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று எழுதிய கைக்கு மறுநாள் காலைச் சாப்பாடு யார் சமைத்துப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த வரியை நீக்கிவிடலாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். பெண் உறுப்பினர்கள் வலியுறுத்தியதால் அப்படியே விடப்பட்டது.

நூலகம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்கிறார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; நூலகத்தின் மீது நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்த ஆண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 59 சதவீதம், பெண்களில் சுமார் 28 சதவீதம். படிக்க வாய்ப்புத் தரப்படாத தலைமுறையிடம் போய்ப் படி என்று சொல்வது என்ன நியாயம்? நூலகத்தில் சத்தம் போட்டுப் பாடவும் முடியாது. வீட்டிலேயே பாடலாமே என்பது இன்னொரு யோசனை. வீட்டில் அவர் பாட உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், பேரன் கூப்பிடுவான், மருமகள் வேலையிலிருந்து போனில் கூப்பிடுவார். யார் மீதும் குற்றமில்லை. வீட்டுக்குள் அவருக்கென்று ஒரு மணி நேரம் கிடையாது என்பதே உண்மை. தன்னைப் பேணுதல் அவரவர் பொறுப்பு என்று சொல்லி உள்ளாட்சி கைகழுவிக்கொள்ள முடியாது. அதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் தனி ஆள் உண்டாக்க இயலாதபோது பொது அமைப்பு முன்வர வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்கிறது. அதே சட்டம், மூத்தவர் இயல்பான வாழ்க்கை வாழப் பிள்ளைகள் வகை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளைகளுக்கு விதித்த கடமையில் ஒரு சிறு பங்கை அரசும் உள்ளாட்சியும் ஏற்பதில் தவறில்லை என்று கருதுகிறோம். தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 2011-ல் 10.4 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசின் கணிப்பு. இன்று கூடத்தைப் பூட்டுகிறவர்கள் நாளைக்கு அதைத் தேடுவார்கள்.

சங்கம் கேட்பவை இவை. முதலாவது, தீர்மானத்தை நிறுத்திவைத்து மூத்தோரின் கருத்தைக் கேட்டு மறுபரிசீலனை செய்ய வேண்டும். இரண்டாவது, குத்தகை தவிர்க்க முடியாதது என்று மன்றம் கருதினால், வார நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடம் மூத்தோருக்கு என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். வாய்மொழி உறுதியை இனி ஏற்பதற்கில்லை. இந்த ஏற்பாட்டைக்கூட ஒப்புக்கொள்ளக் கூடாது என்று உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் கருதுகிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறோம். மூன்றாவது, உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய, கைப்பிடி வைத்த கழிப்பறை பெண்களுக்குத் தனியாக வேண்டும். அது இல்லாமல் கூடம் திறந்திருந்தும் பயனில்லை. நான்காவது, கூடத்தின் நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பெயரளவிலான கட்டணத்தைச் சங்கம் கொள்கையளவில் நிராகரிக்கவில்லை. முதியோர் ஓய்வூதியம் மட்டுமே வாங்குகிறவர்களிடம் அதை வசூலிப்பதை ஏற்காது. ஐந்தாவது, 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட 25 முதியோர் மையங்களைப் போல ஒன்று நம் ஊருக்கும் வேண்டும் என்று நகராட்சி அரசுக்கு எழுத வேண்டும். மையம் வரும் வரை இருக்கிற கூடத்தைப் பறிக்கக் கூடாது. நீதிமன்றத்தை நாடுவது பற்றி இப்போதைக்கு முடிவு எடுக்கவில்லை.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பாக ஒவ்வோர் உறுப்பினரும் தம் வார்டு கவுன்சிலரை நேரில் கண்டு இந்த அறிக்கையின் படியைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கோரிக்கைகளோடு நகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் முதல் பக்கம் முழுவதும் பெண் உறுப்பினர்களின் கையெழுத்துக்கு விடப்பட்டிருக்கிறது; கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். ஆண் உறுப்பினர்கள் கையெழுத்து வாங்கும் நாளில் ஒரு வேளை வீட்டு வேலையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டு, வீட்டுப் பெண்களைக் கையெழுத்திட அனுப்பி வைக்க வேண்டும்.