படம் இருந்தால்தான் செதுக்கலாம்: வன்னியின் முகங்களும் கணினி உளியும்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத் தளபாடப் பட்டறை ஒன்றில் அண்மையில் நின்றிருந்தேன். தேக்கம் பலகை ஒன்று மேசையில் இறுக்கப்பட்டிருந்தது. கணினியில் இருந்த கோப்பின்படி சுழலும் உளி தானாக முன்னும் பின்னும் ஓடி, கதவுக்கான மயில் ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தது. கையால் செய்தால் பல நாட்கள் பிடிக்கும் வேலை அன்று பின்னேரத்துக்குள் முடிந்துவிடும் என்றார் பட்டறை வைத்திருக்கும் தம்பி.

அந்த நேரம் ஒரு அம்மா வந்தார். அவர் கதவோ கட்டிலோ கேட்கவில்லை. மகனின் முகத்தை மரத்தில் செதுக்கித் தர முடியுமா என்று கேட்டார். "படம் இருக்கோ அம்மா?" என்றார் தம்பி. கைப்பைக்குள் பொலித்தீன் உறை, அதற்குள் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி. நகத்தளவு முகம், பாதி கறுப்பு. "இதிலை கண் எது, நிழல் எது எண்டு எனக்கே தெரியேல்லை அம்மா, மிசினுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அவர். அம்மா உறையை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

சிஎன்சி எனப்படும் கணினி வழிச் செதுக்கும் இயந்திரங்களும் கல்லில் முகம் பொறிக்கும் லேசர் இயந்திரங்களும் இன்று எங்கள் ஊர்களுக்கும் வந்துவிட்டன. வாங்கக் காசு தேவை, இயக்கச் சில வாரப் பழக்கம் தேவை. இரண்டையும் எப்படியாவது தேடிக்கொள்ளலாம். ஆனால் இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய படத்தை எங்கே தேடுவது? வன்னியில் இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமல்ல.

யாருடைய மயில்?

கதவிலும் கட்டிலிலும் சாமியறையிலும் செதுக்கப்படும் உருவங்களில் பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வடிவக் கோப்புகள். கஜலட்சுமி, தோகை விரித்த மயில், கொடி, குதிரை என்று நூற்றுக்கணக்கான வடிவங்களை ஒரே தொகுப்பாக வாங்கலாம், இலவசமாகவும் இறக்கலாம். அவற்றை வரைந்தவர்கள் சீனாவிலோ இந்தியாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்கள். அதனால் பரந்தனில் செய்த கதவும் வேறொரு நாட்டில் செய்த கதவும் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

வற்றாப்பளை கண்ணகை அம்மன் கோயில் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஆனால் வன்னியின் பழைய கோயில் வாகனங்களிலும் தூண்களிலும் ஆசாரிமார் கையால் செதுக்கிய யாளியும் பூவேலையும் இயந்திரம் படிக்கக்கூடிய கோப்பாக எந்தச் சந்தையிலும் கிடைக்காது. அவற்றை நாங்கள்தான் ஆக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. அசையாத ஒரு சிற்பத்தைச் சுற்றிவந்து, ஒன்றின்மேல் ஒன்று பாதிக்கு மேல் படியும்படி கைத்தொலைபேசியால் ஐம்பது, நூறு படங்கள் எடுத்தால், மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருள் அவற்றைச் சேர்த்து முப்பரிமாண உருவாக்கும். பிளெண்டரில் அதைத் திருத்தலாம். கோட்டுச் சித்திரத்தை இங்க்ஸ்கேப்பில் வெட்டுக்கோடாக மாற்றலாம். இவற்றுக்கும் காசில்லை. கோயில் நிர்வாகத்தின் அனுமதியும் பொறுமையுமே தேவை.

சாம்பல் நிறத்தில் ஆழம்

முகம் என்று வரும்போது சிக்கல் கூடுகிறது. செதுக்கும் இயந்திரம் முகத்தைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது ஆழத்தை மட்டுமே. வழக்கமான முறையில், சாம்பல் நிறப் படம் ஒன்றில் வெள்ளை மேடாகவும் கறுப்பு பள்ளமாகவும் கொள்ளப்படும். இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் இடைப்பட்ட உயரங்கள்.

சாதாரண ஒளிப்படத்தை அப்படியே இதற்குக் கொடுத்தால் என்ன நடக்கும்? நெற்றியில் பூசிய திருநீறு கட்டியாக எழும். பொட்டு குழியாக விழும். நரைத்த தலை மேடாகும், கறுத்த மீசை பள்ளமாகும். மூக்கின் ஒரு பக்கத்தில் விழுந்த நிழல் கன்னத்தில் ஓட்டையாகும். கறுத்த முகமென்றால் முகம் முழுவதுமே பலகைக்குள் தாழ்ந்துபோகும். ஆகவே ஒருவர் இருந்து, எது நிழல், எது எலும்பு என்று பார்த்து, அந்தப் படத்தை ஆழப்படமாக மீள வரைய வேண்டும்.

லேசர் வேறு மாதிரி. கறுப்புக் கிரனைட்டில் லேசர் பட்ட இடம் வெளிறும். இளநிற மரத்தில் பட்ட இடம் கருகும். ஒரே படத்தைக் கல்லுக்கும் மரத்துக்கும் கொடுப்பதென்றால் ஒன்றுக்கு வெளிச்சத்தையும் இருளையும் தலைகீழாக்க வேண்டும். அதை மறந்தால் முகம் நெகட்டிவ் போல வந்து நிற்கும். கல்லில் விழுந்ததை அழிக்கவும் முடியாது.

இத்தனைக்கும் அடிப்படை ஒரு நல்ல படம். அதுதான் எங்களிடம் இல்லை.

கல்வெட்டு இல்லாமல் போனவர்கள்

எங்கள் ஊர்களில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளில் நினைவு மலர் அச்சிடுவோம். அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். முதல் பக்கத்தில் படம், பிறகு பிறப்பு, இறப்பு, குடும்ப விபரம், தேவாரம். நினைவுக்கல் செய்பவர்களுக்கு இந்தக் கல்வெட்டுகள் பெரிய உதவி. அச்சுப் புள்ளிகள் லேசரில் வலைபோலத் தெரியும் என்பதால் முதலில் அவற்றைச் சீராக்க வேண்டும், அவ்வளவுதான்.

2009இல் போனவர்களுக்குக் கல்வெட்டு அச்சிட யார் இருந்தார்கள்? 31ஆம் நாளே பலருக்கு வரவில்லை. கிளிநொச்சி 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவத்திடம் வீழ்ந்தபோது நகரமே வெறுமையாக இருந்தது. சனம் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக நகர நகர, முதலில் தளபாடத்தை விட்டது, பிறகு பெட்டிகளை, கடைசியில் அல்பங்களை. சிலர் பதுங்குகுழிக்குள் படங்களைப் புதைத்தார்கள். திரும்பி வந்தபோது மழைத்தண்ணீரில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப்போய் இருந்தன. கையில் பிள்ளையைத் தூக்கியவர்களுக்கு அல்பம் தூக்கக் கை இருக்கவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தபோது, அரசின் சொந்தப் புள்ளிவிபரங்களை வைத்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். அந்த எண்ணுக்குரிய முகங்களைத் தேடினால் எத்தனை படங்கள் தேறும்?

அழகான பொய்

படம் மங்கலாக இருந்தால் இப்போது ஒரு சுலப வழி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றினால் சில வினாடிகளில் தெளிவான முகம் வரும். கண் பளபளக்கும், தோல் மினுங்கும். ஆனால் அந்தச் செயலி படத்தில் இல்லாத ஒன்றை மீட்பதில்லை. தான் பழகிய வேறு ஆயிரமாயிரம் முகங்களைக் கொண்டு, இப்படி இருந்திருக்கலாம் என்று ஊகித்து நிரப்புகிறது. தழும்பும் மறுவும் முன்பல்லின் இடைவெளியும் போய்விடும். தாய்க்கு அது உடனே தெரியும். "வடிவாத்தான் இருக்கு, ஆனா இது அவன் இல்லை" என்று சொல்லிவிடுவார்.

வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இது குடும்பத்தின் விருப்பம். காணாமலாக்கப்பட்டவர்கள் விடயத்தில் அப்படி விட முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் உறவுகள் வீதியோரம் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை படங்கள்தான். வெயிலிலும் மழையிலும் அவை வெளிறுவதைக் கண்முன்னால் பார்த்தோம். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. எலும்புகளை அடையாளம் காணும் வேலையில், உயிரோடிருந்தபோது சிரித்து எடுத்த ஒரு படத்தில் தெரியும் பல்வரிசை கூடத் தடயமாகலாம். அந்தப் பல்வரிசையைச் செயலி திருத்திவிட்டால், நாமே எங்கள் சாட்சியத்தை அழித்தவர்களாவோம்.

ஆகவே திருத்துவதென்றால் பிரதியில் திருத்துங்கள். மூலப்படத்தை இருந்தபடியே, கீறலோடும் கறையோடும், தனியாக வைத்திருங்கள்.

கல்லுக்கு வரும் ஆபத்து

செதுக்கிய பிறகும் கதை முடிவதில்லை. 2017இல் கிழக்கு முள்ளிவாய்க்காலில் தேவாலயத்துக்கு அருகே, கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த கற்களை நடும் முயற்சியை அருட்தந்தை எழில் இராஜேந்திரன் முன்னெடுத்தார். பொலிஸார் பெயர்களின் விபரங்களைக் கேட்டார்கள். அந்த மே 18க்கு முன்பாக நீதிமன்றத் தடை உத்தரவும் வந்தது. 2021 மே 12 இரவு முள்ளிவாய்க்கால் முற்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெரிய நினைவுக்கல் மறுநாள் காலையில் அங்கே இல்லை. ஏற்கனவே இருந்த நினைவுச் சின்னமும் உடைக்கப்பட்டிருந்தது. தாங்கள் செய்யவில்லை என்றது இராணுவம்.

அதே வன்னியில், கிளிநொச்சி நகரில் எறிகணை துளைத்த கொங்கிரீட் சுவரின் மேல் தாமரை மலர்ந்து நிற்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கம் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய சிப்பாய் நிற்கிறான். அந்த உருவங்களுக்குத் தடை உத்தரவு இல்லை, காவல் உண்டு. எந்த உருவம் கல்லில் நிற்கலாம் என்பதை இங்கே அதிகாரம் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான காந்தளை இங்கே ஒரு கல்லில் செதுக்கக் கேட்டால், கார்த்திகைப்பூ என்று பட்டறைக்காரர் ஒருமுறை யோசிப்பார். அவர் யோசிப்பதில் பிழை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு.

இங்கேதான் கோப்பின் பெறுமதி வருகிறது. கல்லைத் தூக்கலாம், உடைக்கலாம். செதுக்கலுக்காக ஆக்கிய கோப்பு நான்கு இடங்களில் இருந்தால், அதே முகத்தை அடுத்த மாதம் மீண்டும் செதுக்கலாம். ரொறன்ரோவிலும் செதுக்கலாம். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? குடும்பம் காசு கொடுத்துக் கல்லை வாங்கிக்கொண்டு போகிறது. கோப்பு பட்டறைக் கணினியில் கிடக்கிறது. கணினி பழுதானால் அதுவும் போய்விடும்.

இப்போதே செய்யக்கூடியவை

வீட்டிலுள்ள பழைய படத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி நுணுக்கங்களை அழித்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள். முடிந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் எடுங்கள். அடையாள அட்டைப் படம் போன்ற சிறியவற்றுக்கு 1200 நல்லது. ஒட்டிப்போன படங்களைப் பிரித்து எடுக்க முயல வேண்டாம், பார்க்கக்கூடிய பக்கத்தை முதலில் பதிவு செய்யுங்கள். சொந்தப் படம் இல்லையென்றால் பிறரின் கலியாண அல்பத்தில், பாடசாலைக் குழுப் படத்தில், ஊராரின் கல்வெட்டில், 2008க்கு முன் வெளிநாட்டு உறவுகளுக்குத் தபாலில் போன படங்களில் தேடுங்கள். மூலையில் நிற்கும் முகம் அங்கே இருக்கலாம்.

பெயர் பொறிக்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். பாமினியில் தட்டிய பெயரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பட்டறைக்குக் கொடுக்க முன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றச் சொல்லி, அச்சிட்ட பிரதியில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்த பிறகே சம்மதியுங்கள். வேலை முடிந்ததும் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது.

2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நூலகமோ சனசமூக நிலையமோ ஒரு ஸ்கேனரோடு இதே வேலையை ஆரம்பித்தால், பட்டறைக்குப் போகும் தாயிடம் காட்ட ஒரு நல்ல படமாவது இருக்கும்.

அந்த அம்மா போன பிறகு தம்பி என்னிடம் சொன்னார், மகனோடு படித்தவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்று. அவரிடம் அம்மாவின் தொலைபேசி இலக்கம் இருக்கவில்லை. மயில் முடிந்து, பலகையில் படிந்த தூளை ஊதிவிட்டு, அடுத்த கோப்பைத் திறந்தார்.