கம்பளமா, ஜமக்காளமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மும்பைத் தமிழர் வீடுகளில், தரைக்கு ஒரு கம்பளம் வாங்கலாமே என்ற பேச்சு எழுகிறது. தவணையில் கிடைக்கும் என்றதும் ஆசை வளர்கிறது.

பதோகியில் கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளம் தலைமுறைக்கும் உழைக்கும். அதன் விலையோ குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டாது. தவணைக்குக் கிடைப்பவற்றில் பல, துணியில் நூலைக் குத்தி, பின்புறம் ரப்பர் பசை பூசியவை. திருப்பிப் பார்த்தாலே குட்டு வெளிப்படும்: முடிச்சுக் கம்பளமானால் முதுகிலும் பூவேலை தெரியும், மற்றதில் ஒட்டுத்துணிதான் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் எட்டாத ஒற்றை அறையில் அது ஈரம் வாங்கி நாறும். நாளடைவில் பசை பொடியாய் உதிரும். துவைக்கவும் வழியில்லை.

விருந்தாளி வந்தால் விரிக்கவும், விடிந்ததும் மடித்து வைக்கவும் ஜமக்காளமே போதும். ஆனால், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. அப்படியிருந்தும் விசைத்தறிப் போலிகள் பவானியின் பெயரிலேயே மலிவாக விற்கின்றன. ஊருக்குப் போகிறவர்கள் பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ரசீதோடு வாங்கி வரலாம். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். ரயிலில் சீட்டுக்கடியில் வைக்க ஒரு சுருட்டு, அவ்வளவே.