செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல... உடனே பேட்டரிய மாத்து!

போன மாசம் மதுரையில சொந்தக்காரங்க கல்யாணம். விடிகாலை அஞ்சு மணிக்கு குடும்பத்தோட வண்டில ஏறி சாவிய திருகுறேன். செல்ஃப் நல்லா எடுக்குது. கிர்ர்ர் கிர்ர்ர்னு சுத்துது. ஆனா ஸ்டார்ட் மட்டும் ஆகல. பெட்ரோல் வண்டி, 2009 மாடல். அதுவரைக்கும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல. கல்யாணத்துக்கு பஸ்ல நின்னுக்கிட்டே போனது தனிக்கதை. தங்கமணி இன்னமும் சொல்லிக் காட்டுறாங்க :-)

பஞ்சாயத்து அதுக்கப்புறம்தான். வண்டிய கட்டி இழுத்துக்கிட்டு போய் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். அங்க இருந்த பையன் பானெட்ட தொறக்கறதுக்கு முன்னாடியே, "பேட்டரி வீக்கா இருக்கும் சார்"னான். மாத்தினான். 4,800 ரூபாய். ஆகல. "அப்ப பிளக்கா இருக்கும்." 900 ரூபாய். ஆகல. "காயில் போயிருக்கும் சார்." 3,200. ம்ஹூம். மூணாவது நாள் தலைய சொறிஞ்சுக்கிட்டே, "ஈசிஎம் அடிச்சிருச்சுன்னு நினைக்கிறேன், 27,000 ஆகும்"னான். இருக்கும், இருக்கும், நினைக்கிறேன்! ஒரு தடவையாவது "பாத்தேன், இதுதான்"னு சொன்னானா? இல்ல.

8,900 ரூபாய மொய் வச்சிட்டு வண்டிய வெளிய எடுத்தேன். நாலு தெரு தள்ளி தகரக் கொட்டாயில கடை போட்டிருக்கிற ஒரு வயசான எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட போய் நின்னேன். அவரு கேட்ட முதல் விஷயம்: "தம்பி, சாவிய ஆன் மட்டும் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க." பின் சீட்டுல காத வச்சாரு. "பெட்ரோல் பம்ப் சத்தமே வரலயே." ஃபியூஸ பாத்தாரு, நல்லா இருந்துச்சு. பம்ப் ரிலேய புடுங்கிட்டு, பக்கத்துல அதே மாதிரி இருந்த ஹாரன் ரிலேய அங்க சொருகினாரு. ஙொய்ய்ய்னு ரெண்டு செகண்ட் சத்தம். சாவிய திருகினா, வண்டி ஓடுது! பத்து நிமிஷ வேலை. புது ரிலே 250, கூலி 200.

இதுல எனக்கு கோவம் வர்றது காசுக்காக மட்டும் இல்லீங்க. செல்ஃப் நல்ல வேகத்துல சுத்துதுன்னாலே வண்டி பாதி விஷயத்த நம்மகிட்ட சொல்லிடுச்சு. பேட்டரில தெம்பு இருக்கு, செல்ஃப் மோட்டார் வேலை செய்யுது. "டிக்"னு ஒரு சத்தம் வந்துட்டு கம்முனு இருந்தா அது வேற வியாதி. இழுத்து இழுத்து சோம்பேறியா சுத்தினா பேட்டரிய சந்தேகப்படலாம். அப்பவும் ஸ்டார்ட் பண்றப்ப மீட்டர் வச்சு பாத்தா போதும். பேட்டரில ஒன்பதரை வோல்ட்டுக்கு கீழ விழுந்தா பேட்டரிய கவனிக்கணும். மீட்டர் விலை சில நூறு ரூபாய்தான் சாமி!

பெட்ரோல் இன்ஜின் ஓட என்ன வேணும்? பெட்ரோல், நெருப்பு, காத்த அமுக்கற கம்ப்ரஷன், இது மூணும் சரியான நேரத்துல நடக்கணும். அவ்ளோதான். எது வரலைன்னு கண்டுபிடிக்க கோயில்ல பூ போட்டு பாக்க வேண்டியதில்ல:

1. சாவி ஆன் பண்ணா செக் இன்ஜின் லைட் எரியுதா? எரியலைன்னா கம்ப்யூட்டருக்கு கரண்டே போகலையோ என்னவோ, அங்க ஆரம்பிக்கணும். சாவி படம் போட்ட லைட் மினுக்குதுன்னா, நிறைய வண்டில இம்மொபிலைசர் நம்ம சாவிய அடையாளம் கண்டுக்கலைன்னு அர்த்தம். இன்னொரு சாவி இருந்தா போட்டு பாருங்க.

2. பம்ப் சத்தம் வருதா? நிறைய வண்டில சாவி போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் ஓடும். சத்தம் வந்தாலும் கேஜ் போட்டு பிரஷர் பாக்கணும். சத்தம் இருக்குங்கறதுக்காக பிரஷர் இருக்குன்னு அர்த்தம் இல்ல.

3. பிளக் வரைக்கும் நெருப்பு வருதா? டெஸ்டர் வச்சு பாக்கணும். பெட்ரோலும் வரல, நெருப்பும் வரலைன்னா, கிராங்க் சென்சார் மேல ஒரு கண்ணு வைங்க. இன்ஜின் சுத்துற சேதியே கம்ப்யூட்டருக்கு போகலைன்னா அது ரெண்டையும் குடுக்காது.

4. செல்ஃப் வழக்கத்த விட லேசா, வேகமா சுத்துதா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்திடுங்க. திரும்பத் திரும்ப சுத்தினா சில இன்ஜின்ல வால்வு வளைஞ்சிடும்.

"எங்ககிட்ட ஸ்கேனர் இருக்கு"ன்னு சில பேரு பீத்திக்குவாங்க. நல்லது. ஆனா ஸ்கேனர் காட்டறது விலாசம், குற்றவாளி பேரு இல்ல. P0335னு வந்தா கிராங்க் சென்சார் லைன்ல கோளாறுன்னு அர்த்தம். சென்சாரும் செத்திருக்கலாம், கனெக்டர் லூசா இருக்கலாம், எலி ஒயர கடிச்சிருக்கலாம். எலி கடிச்சதுக்கு சென்சார மாத்தினா எலிதான் சிரிக்கும்.

சரி, மெக்கானிக்க திட்டியாச்சு. இப்ப நம்ம முறை. அந்த எலக்ட்ரீசியன் அண்ணன்கிட்ட இதெல்லாம் புலம்பினேன். "தம்பி, நான் ரெண்டு மணி நேரம் ஒயர தேடி ஒரு முடிச்சு போட்டு 500 ரூபா கேட்டா, 'ஒரு முடிச்சுக்கு ஐநூறா?'ன்னு சண்டைக்கு வர்றாங்க. ஐயாயிரத்துக்கு சாமான் மாத்தினா வாய மூடிக்கிட்டு குடுக்கறாங்க"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நானும் அப்படி பேரம் பேசினவன்தானே!

டாக்டருக்கு பாக்கறதுக்குன்னு ஃபீஸ் குடுக்கறோம். மெக்கானிக்குக்கு பாக்கறதுக்கு பத்து பைசா குடுக்க மாட்டோம், சாமானுக்கு மட்டும் குடுப்போம். அப்புறம் அவன் சாமான் விக்காம என்ன பண்ணுவான்? அதுக்காக அந்த பையன் செஞ்சத நியாயம்னு சொல்லல. பாக்காம மாத்தறது பாக்கெட் அடிக்கறதுதான். ஆனா அந்த பாக்கெட்ட தொறந்து வச்சது நாமதான்.

அதனால, அடுத்த தடவை மூணே மூணு விஷயம் பண்ணுங்க. "செக் பண்ண எவ்ளோ? அத தனியா தர்றேன்"னு முதல்ல சொல்லுங்க. "இந்த பார்ட் போயிடுச்சுன்னு எத வச்சு சொல்றீங்க? காட்டுங்க"ன்னு கேளுங்க. மாத்தின பழைய சாமான கைல வாங்கிக்கோங்க. என்னோட பழைய பேட்டரிய அன்னிக்கு நான் கேக்கல. இப்ப அது எந்த வண்டில ஜம்முனு ஓடிட்டு இருக்கோ, யாருக்கு தெரியும்!

டிஸ்கி: பத்து செகண்டுக்கு மேல ஒரே மூச்சா செல்ஃப் அடிக்காதீங்க, மோட்டார் சூடாகி அதுவும் செலவு வைக்கும். நெருப்பு வருதான்னு பிளக் ஒயர கையில புடிச்சு பாக்கற வீர விளையாட்டும் வேணாம். அதுல வர்றது ஆயிரக்கணக்கான வோல்ட், வூட்டுல தேடுவாங்க.