தாங்கியின் அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை, குளங்களுக்குக் குறைவில்லை. தம்புள்ளைக்கு அருகே கண்டலம, நாவுலப் பக்கம் அம்பன் கங்கையை மறித்துக் கட்டி 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த. இத்தகைய நீர்நிலைகளின் நடுவே இயந்திரம் திணறி நின்றால், படகோட்டி முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார். கோளாறு பல வேளைகளில் எரிபொருள் தாங்கியின் அடியில் இருக்கும்.

பாதி வெறுமையான தாங்கிக்குள் இரவுக் குளிரில் ஈரக்காற்று நீராகிப் படியும். மூடியின் றப்பர் தேய்ந்திருந்தால் மாரி மழையும் உள்ளே இறங்கும். பெற்றோலையும் டீசலையும் விடத் தண்ணீர் கனமானது. அடியில் தங்கி, குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்விடும். டீசலில் தொல்லை இரட்டிப்பு: நீரும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுத்த சளியாக வடிகட்டியை அடைக்கும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கான்களில் அதைச் சேர்த்தவர்கள் பலர். கழுவிய கானைக் காயவைக்காமல் நிரப்பினால், தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

சோதிப்பது எளிது. தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சற்று வைத்தால், நீர் கீழே தனியாகக் கோடு பிரிந்து நிற்கும். எரிபொருள் தெளிவாக வரும்வரை தாங்கியின் அடியிலிருந்து வடித்தெடுக்க வேண்டும். நீர் பிரிக்கும் வடிகட்டியும் அவசியம்.

வடித்ததைக் குளத்தில் கொட்டுவதுதான் பெருங்குற்றம். மொரகஹகந்த குடிநீருக்கும் உரியது. படகுத்துறை தோறும் கழிவெண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைப் பிரதேச சபைகள் வைக்கட்டும்.