ஈரம் அறியும் கருவியும் நம் சங்கங்களின் கடமையும்

நீரின்றி வாடும் பயிரைக் கண்டு வருந்தாத விவசாயி எவரும் இலர். ஆயின், நீர் மிகுந்து வேர் அழுகிய பயிரைக் கண்டு, அதற்குத் தாமே காரணம் என்று உணர்பவர் மிகச் சிலரே. ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் மரவள்ளி பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இது தெரியாததன்று. வடிகால் இல்லாத வயலில் ஈரம் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அழுகிய கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்காரர் ஏறெடுத்தும் பாரார்.

கவலை கட்டி நீர் இறைத்த காலத்தில் நம் முன்னோருக்கு ஈரம் அளக்கும் கருவி ஏதும் தேவைப்படவில்லை. மாடு களைத்தால் இறைப்பு நின்றது. வடம் இழுத்த கையே அளவுகோலாக இருந்தது. வீண் நீர் என்பது வீண் உழைப்பு என்பதை உடலே உணர்த்திற்று. இன்றோ ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நீர் தானே ஓடுகிறது. உழைப்பு குறைந்தது நல்லதே. ஆனால் அதனோடு அளவும் போய்விட்டது. போன அளவை வேறு வழியில் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இங்கே கூற விரும்புவது.

கணக்கைச் சற்று நோக்குவோம். ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் செலவாகும். தேவையற்ற பாசனம் ஒன்றே ஒன்றைத் தவிர்த்தாலும் அவ்வளவு நீர் கிணற்றில் தங்கும். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்தானே என்று சிலர் வினவலாம். மின்சாரம் இலவசமாயினும் நிலத்தடி நீர் இலவசமன்று. அளவு கடந்த நீர், இட்ட உரத்தையும் வேருக்கு எட்டாத ஆழத்திற்குக் கரைத்துச் சென்றுவிடுகிறது.

மேல் மண்ணைக் கண்ணால் பார்த்து ஈரத்தை அறியலாம் என்பது ஓரளவே சரி. கோடை வெயிலில் மேல் மண் வெடித்திருக்கும்போது ஒரு சாண் ஆழத்தில் போதிய ஈரம் இருப்பதுண்டு. மழைத் தூறலுக்குப் பின் மேலே நனைந்திருந்து, உள்ளே வறண்டு கிடப்பதும் உண்டு. வேர் இருக்கும் இடத்து நிலையை அறிவதற்கே கருவி வேண்டும்.

இத்தகைய கருவி புதியதன்று. அமெரிக்காவில் பௌயூக்கஸ், மிக் என்னும் இரு அறிஞர்கள் 1940-ஆம் ஆண்டிலேயே ஜிப்சம் கட்டியைக் கொண்டு மண்ணின் ஈரத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். நம் அருகிலேயே, 1912-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மண் ஈரங்காட்டி ஒன்றை அமைத்துள்ளனர். அதன் இரு கம்பிகளை மண்ணில் ஊன்றினால் சிறு விளக்கு எரியும். நீல நிறம் மிகுந்த ஈரத்தையும், பச்சை போதிய ஈரத்தையும், செம்மஞ்சள் பாசனம் நெருங்கியதையும், சிவப்பு உடனே நீர் தேவை என்பதையும் காட்டும். எழுத்தறியாத முதியவரும் இதனைப் புரிந்துகொள்ளலாம். மோகனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளுக்கும், பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கும் இது பெரிதும் உதவும்.

இக்கருவியின் தத்துவம் எளிது. ஆகவே வீட்டிலும் செய்யலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவை நீரில் குழைத்துச் சிறு அச்சில் வார்த்து, துருப்பிடிக்காத இரு எஃகுக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாதவாறு அதில் நிறுத்தி இறுகவிட்டால் ஜிப்சம் கட்டி ஆயத்தமாகிவிடும். மண்ணில் புதைத்த கட்டி ஈரத்தை உறிஞ்சும்போது மின்தடை குறையும். காய்ந்தால் மின்தடை ஏறும். கம்பிகளின் நுனியில் மீட்டரைச் சில நொடிகள் மட்டும் வைத்து அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தை நெடுநேரம் ஒரே திசையில் செலுத்தினால் அளவு பிழைபடும், கம்பியும் அரிக்கப்படும். மணற்பாங்கான நிலத்தில் இக்கட்டி அவ்வளவாகப் பயன்படாது. சில ஆண்டுகளில் கரைந்தும் போகும்.

வயலுக்குப் போகுமுன் வீட்டுத் தொட்டியில் பழகுவதே நன்று. நாம் அவ்வாறே தொடங்கினோம். முதலில் துளசித் தொட்டியில் இரண்டு இரும்பு ஆணிகளை ஊன்றி அளந்தோம். முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு தொட்டிக்குப் பொட்டாஷ் உரம் இட்டோம். மறுநாள் முதல், மண் காய்ந்து வந்தும் மீட்டர் ஈரம் என்றே காட்டியது. அதை நம்பி நீர் ஊற்றாமல் விட்டதில் துளசி வாடித் தலைசாய்ந்தது. உரத்தின் உப்பும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை நாம் மறந்ததே காரணம். ஜிப்சம் கட்டியில் இக்குறை பெரிதும் குறைவு. கட்டியிலிருந்து கரையும் ஜிப்சமே மண்ணின் சிறிதளவு உப்பை மறைத்துவிடுகிறது. நகரக் கடைகளில் கிடைக்கும் மின்தேக்கு வகைக் கருவியில் உலோகம் மண்ணைத் தொடுவதே இல்லை. அதனால் அரிப்பும் இல்லை. ஆனால் அதன் விளிம்பு வழியே நீர் புகாதபடி வார்னிஷ் பூசிக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவியானாலும் அதைச் சோதிக்க ஓர் உரைகல் வேண்டும். அந்த உரைகல் நெசவாளர் வீட்டிலேயே இருக்கிறது, அதுதான் தராசு. தொட்டியை நன்றாக நனைத்து, மிகுநீர் வடிந்த பின் நிறுத்து, மீட்டர் காட்டும் எண்ணையும் எழுதுங்கள். நாள்தோறும் அவ்வாறே செய்யுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். இரு வாரங்களில், எந்த எண்ணுக்கு எவ்வளவு ஈரம் என்ற அட்டவணை உங்கள் கையில் இருக்கும். சோதிக்கப்படாத கருவி முத்திரையிடாத படிக்கல்லுக்குச் சமம்.

இது விவசாயிகளின் விஷயமாயிற்றே, நெசவாளருக்கு என்ன என்று எண்ண வேண்டாம். ஈரத்தின் அருமையை நெசவாளரைவிட அறிந்தவர் யார்? அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் உச்சி வெயிலில் காற்று வறண்டால் பாவிழை அறுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பருத்தி நூலின் வணிக எடை, முற்றும் உலர்ந்த 100 கிலோ நூலுக்கு 8.5 கிலோ ஈரம் என்று கணக்கிடப்படுகிறது. அதற்கு மேற்பட்ட ஈரத்துடன் நூல் வந்தால், நாம் தண்ணீருக்கு நூல் விலை கொடுக்கிறோம். 1783-ஆம் ஆண்டிலேயே ஜெனீவா நகரத்துச் சோசூர் என்னும் அறிஞர், மனிதரின் தலைமுடி ஈரத்தில் நீள்வதைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கி நூல் எழுதினார். இரண்டு வெப்பமானிகளை வைத்து, ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றினால் தறிக்கூடத்தின் ஈரப்பதத்தை இன்றும் அறியலாம்.

ஆகவே நம் யோசனை இது. ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கட்டும். தொழிற்பயிற்சி பெற்ற நம் பிள்ளைகள் கட்டி வார்க்கவும் மீட்டர் பார்க்கவும் முதியோருக்குக் கற்பிக்கட்டும். மீட்டரைச் சங்கமே வாங்கி, நூலகப் புத்தகம்போல் முறைவைத்து இரவல் கொடுக்கட்டும். செம்மண், கரிசல், மணற்பாங்கு என்ற ஒவ்வொரு வகை நிலத்திலும் ஓர் அங்கத்தினர் தம் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வரட்டும். தனியொருவர் செய்யும் தவறு அவரோடு மறையும். சங்கத்தின் குறிப்பேட்டில் பதிந்த தவறு நூறு பேருக்குப் பாடமாகும்.

ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வீட்டில் செய்யும் கருவிகள் சிறு பேட்டரியில் மட்டுமே இயங்க வேண்டும். இவற்றை வீட்டு மின்சாரத்தோடோ பம்புசெட்டோடோ இணைக்க எவரும் முயல வேண்டாம். ஈர மண்ணும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கருவி வந்துவிட்டதால் கை வேலையற்றுப் போய்விடாது. கருவி சொல்வதைக் கையால் மண்ணை எடுத்துப் பிசைந்து சரிபார்க்கும் விவசாயியே ஏமாறாத விவசாயி. அன்று மாட்டின் களைப்பு நமக்குக் கற்பித்த சிக்கனத்தை இன்று அறிவு கற்பிக்கட்டும். அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.