கேம்பிங் கத்தி: ராம்போவுக்கு வேண்டாம், வெங்காயத்துக்கு வாங்குங்க

மக்களே, ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த எரிச்சல். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

போன மாதம் புனேயில் இருக்கும் நம்ம குடும்பங்கள் நாலு சேர்ந்து ராஜ்மாச்சிக்குப் போய் டென்ட் போட்டோம். கூட வந்த நண்பர் இடுப்பில் ஒரு அடி நீளத்துக்குக் கத்தி. முதுகுப் பக்கம் ரம்பம், பிடியின் அடியில் திசைகாட்டி, உள்ளே தூண்டில் முள், தீப்பெட்டி. "அண்ணே, ஆன்லைன்ல பாதி விலை!" என்றார். சாயங்காலம் காய்ந்த குச்சி ஒன்றைப் பிளக்க ஓங்கி ஒரு போடு போட்டார். பிடி அவர் கையிலேயே இருந்தது. கத்தி மட்டும் பறந்துபோய் என் பெண் உட்கார்ந்திருந்த பாய்க்கு இரண்டடி தள்ளி மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கத்தியே தேவலை.

இது விபத்தே இல்லை. அந்தக் கத்தியைச் செய்த விதமே அப்படி. 1982-ல் 'ஃபர்ஸ்ட் பிளட்' படம் வந்ததிலிருந்து பிடிக்குள் குழாய் வைத்த கத்தி மேல் நம்மாட்களுக்கு ஒரு மயக்கம். பிடி வெற்றுக் குழாய் என்றால் இரும்பு உள்ளே எவ்வளவு தூரம் போகும்? மலிவு சரக்கில் ஒரு அங்குலம், அதையும் ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அடி விழுந்தால் அங்கேதான் உடையும்.

அப்போ என்ன வாங்கணும்? நான் பார்ப்பது நாலே விஷயம்.

ஒன்று, நீளம். நாலு அங்குலம் போதும். காய் நறுக்க, கயிறு அறுக்க, சுள்ளி சீவ இதற்கு மேல் எதற்கு? நாம் என்ன புலியோடு மல்லுக்கட்டவா போகிறோம்?

இரண்டு, பிடிக்குள் போகும் இரும்பு. பிடியின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடினால் 'ஃபுல் டேங்'. கத்தி முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கிறவர்களுக்கு இதுதான் சரி. ஸ்வீடனின் மோரா ஊர்க் கத்திகளில் பல, முக்கால் பிடி வரைதான் இரும்பு உள்ளவை. ஆனாலும் சாதாரண வேலைக்குக் கல்லு மாதிரி உழைக்கும். 'ஃபுல் டேங்' என்ற ஒரு வார்த்தைக்காக மட்டும் காசைக் கொட்டாதீர்கள்.

மூன்று, உருக்கின் பெயர். '12சி27', '1095' என்று பெயர் போட்டிருந்தால் நம்பி விசாரிக்கலாம். வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது டம்ளருக்கும் பொருந்தும் சாமி! 1095 மாதிரி கார்பன் உருக்கு சீக்கிரம் கூராகும், ஆனால் சஹ்யாத்ரி மழையில் ஒரே ராத்திரியில் துரு ஏறிவிடும். தேங்காய் எண்ணெய் தடவச் சோம்பல் என்றால் துருப்பிடிக்காததே வாங்குங்கள்.

நாலு, உறை. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் விஷயம்.

"மடக்குக் கத்தி போதாதா?" என்பார்கள். ஆப்பிள் நறுக்கப் போதும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் கட்டையைக் குடையப் போய், அது என் விரல் மேலேயே மடங்கி நாலு தையல் போட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வீராப்பு: "பெருசா இருந்தா பாதுகாப்பு". யாரிடமிருந்து? 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி, வீட்டுக்கோ விவசாயத்துக்கோ செய்ததாக இல்லாவிட்டால், 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருகிறது. இருபக்கக் கூர் உள்ள குத்துவாளும் அதே பட்டியல்தான். ஹரிச்சந்திரகட் போகிறவர்கள் கவனியுங்கள், அது சரணாலயம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. எழுத்தில் முன் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு போகக்கூடாது. அங்கே போனால் காயை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. விமானத்தில் ஊருக்குப் போகும்போதும் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டிக்குள் உறையோடு வையுங்கள்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். நம்மூர்ப் பட்டறையில் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, பதமாகத் தோய்ச்சல் கொடுத்துச் செய்த கத்தியை நம் அம்மாக்கள் இருபது வருஷம் தேங்காய் உடைக்க வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாம், பளபளப்பையும் தள்ளுபடியையும் பார்த்து ஏமாறுகிறோம். அடுத்த லீவில் ஊருக்குப் போனால் அந்த ஆசாரியிடமே நாலு அங்குலத்தில் ஒன்று கேளுங்கள். பிடி வரை ஒரே இரும்பாக வேண்டும் என்று சொன்னால் போதும், மீதி அவருக்குத் தெரியும்.

பி.கு: அந்த நண்பர் இதைப் படிப்பார். அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தத் திசைகாட்டியும் வடக்கைக் காட்டவில்லை :-)