தம்போயில் இருந்தவர்கள்

ஜொகூர்த் தமிழர்களுக்குத் தம்போய் வெறும் ஊர்ப்பெயர் அல்ல. அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "தம்போய்க்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1937-இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய பெர்மாய்.

அதன் வரலாற்றைத் தேடினால் முதலில் கிடைப்பது போர்க்கதை. 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் 2/13 பொது மருத்துவமனை இங்கே வந்து தங்கியது. 1942 பிப்ரவரியில் பாங்கா தீவில் ஜப்பானியர் ஆஸ்திரேலியச் செவிலியரைச் சுட்டபோது, உயிர் பிழைத்த ஒரே செவிலி விவியன் புல்விங்கல். அவர் தம்போயில் பணியாற்றியவர். பிறகு ஜப்பானியரின் கிருமிப்போர்ப் பிரிவான ஒகா 9420 இந்த வளாகத்தைப் பயன்படுத்தியதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வந்து போனவர்களுக்குப் பெயர் இருக்கிறது, படைப்பிரிவு எண்கூட இருக்கிறது. யாருக்காகக் கட்டினார்களோ, அவர்கள் 'நோயாளிகள்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறார்கள்.

என் பாட்டியின் தம்பி பால்மரம் வெட்டியவர். ஒரு சமயம் இரவெல்லாம் தூங்காமல், மரத்தடி மங்குகளைக் கழட்டி வந்து லயத்து வாசலில் வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டே இருந்தாராம். தம்போயில் சேர்த்தார்கள். தோட்டத்தில் கேட்டவர்களிடம் "ஊருக்குப் போயிட்டான்" என்றார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அவரைப் போன்றவர்களின் கதைக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும். ஆனால் மனநல அருங்காட்சியகம் என்றதும் சங்கிலி, கை கட்டும் சட்டை, மின்னதிர்ச்சிப் பெட்டி என்றுதான் யோசிக்கிறோம். அவற்றைப் பார்ப்பவர், அது அந்தக் காலம் என்று நிம்மதியாக வெளியே வந்துவிடலாம். அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். தமிழ்நாட்டின் ஏர்வாடி மனநல இல்லத்தில் 28 நோயாளிகள் சங்கிலியோடு தீயில் கருகியது 2001 ஆகஸ்ட் 6-இல். மலேசியாவில் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது 2023-இல்தான்.

லண்டன் பெத்லெம் மருத்துவமனைக்கு 18-ஆம் நூற்றாண்டில் நோயாளிகளை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வந்தது. இன்று அதே மருத்துவமனையின் அருங்காட்சியகத்தில் நோயாளிகள் வரைந்த ஓவியங்கள் தொங்குகின்றன. பார்க்கப்பட்டவர்கள் தாங்கள் பார்த்ததைக் காட்டுகிறார்கள். பெர்மாயின் வரலாற்றையும் அப்படித்தான் காட்சிக்கு வைக்க வேண்டும். அங்கே இருந்தவர்கள் எழுதிய கடிதம், பின்னிய கூடை, பாடிய பாட்டு, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், குணமான பிறகு அழைத்துப் போக ஆள் வந்தார்களா என்ற விவரம், எல்லாம் வேண்டும். குடும்பங்கள் சம்மதித்தால் பெயரும் வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் இவ்வளவும் கிடைக்காது. பாதி நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியின் தம்பியின் படம் ஒன்று இருக்கிறது. முழங்கால்வரை மடித்துக் கட்டிய கைலி, கையில் வெட்டுக்கத்தி, சிரிக்கலாமா என்று யோசிக்கும் முகம். பின்பக்கம் பென்சிலில் அவர் பெயர். அதை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடு. பேரு மட்டும் போட வேணாம்னு சொல்லிடு."